ஆணையில் பெயர் இருந்தால் மட்டும் போதுமா?

கமிஷன் என்றதும் நமக்குத் தரகுப் பணமோ விசாரணைக் குழுவோதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் வர்ஜீனியா கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) நீதிமன்றங்களின் பழைய பதிவேடுகளில் அது ஒரு பத்திரம்; பிரிட்டிஷ் மன்னர் பெயரால் ஆளுநர் அனுப்பிய, நீதிபதிகளுக்கான நியமன ஆணை. குடும்ப வரலாறு தேடுபவர்களுக்காக இந்தப் பதிவேடுகளைப் படித்துச் சொல்வது என் தொழில். "எங்கள் மூதாதை நீதிபதியாக இருந்தவர்" என்று வருபவர்கள் பெரும்பாலும் அந்த ஆணையில் உள்ள பெயரைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். தயவுசெய்து அத்தோடு நின்றுவிடாதீர்கள்.

புதிய ஆணை வந்ததும் எழுத்தர் அதை மன்றத்தில் உரக்கப் படிப்பார். பிரமாணம் செய்துவைக்க அதிகாரம் தரும் இன்னொரு பத்திரமும் கூடவே வாசிக்கப்படும். பிறகு பட்டியலில் உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பிரமாணம் எடுப்பார்கள். சம்பளமில்லாத பதவி அது. மறுத்தவர்களும் உண்டு, வராமலே இருந்தவர்களும் உண்டு. ஆகவே பிரமாண வரியைத் தேடுங்கள். அடுத்தடுத்த அமர்வுகளின் தொடக்கத்தில், வந்திருந்தோர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வர்ஜீனியா பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து பிரிந்த 1776இல் இன்னும் கவனம் வேண்டும். ஜூன் 29 அன்று ஏற்கப்பட்ட வர்ஜீனியா அரசியலமைப்பு, இனி ஆணைகள் மன்னர் பெயரில் அல்ல, காமன்வெல்த் (அதாவது புதிய வர்ஜீனியா அரசு) பெயரிலேயே வெளிவர வேண்டும் என்றது. பழைய நீதிபதிகள் புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துப் பதவியில் தொடர முடிந்தது. புரட்சி நடந்தும் அதே இருக்கைகளில் அதே முகங்கள் தெரிவது இதனால்தான். ஒருவர் பெயர் மறைந்திருந்தால் உடனே மன்னர் ஆதரவாளர் என்று எழுதிவிடாதீர்கள். முதுமையோ, மரணமோ, ஊர் மாறியதோகூடக் காரணமாக இருக்கலாம்.

இன்னொரு வகைக் கமிஷனைப் பலர் புரட்டித் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கணவன் நிலத்தை விற்கும்போது, அதில் மனைவிக்கு உள்ள விதவைப் பங்குரிமையை அவள் மனமுவந்து விட்டுக்கொடுக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு வர இயலாதவளிடம் இரண்டு மூன்று நீதிபதிகளை அனுப்ப ஒரு கமிஷன் பிறக்கும். நம் நீதிமன்றங்கள் அட்வகேட் கமிஷனரைச் சாட்சியின் வீட்டுக்கு அனுப்புவதைப் போன்றதே இதுவும். அவர்கள் கணவன் இல்லாத இடத்தில் அவளைத் தனியாக விசாரிப்பார்கள்: மிரட்டலின்றிச் சம்மதிக்கிறாயா? பதிலை எழுதி அனுப்புவார்கள். வேறெங்கும் 'இன்னாரின் மனைவி' என்றே குறிக்கப்பட்ட பெண்ணின் சொந்தப் பெயர், சில குடும்பங்களில், அந்த ஒரு தாளில் மட்டுமே இருக்கிறது.