கேலி: சொல்லும் பொருளும்

கேலி என்றால் பரிகாசம். ஏளனம் என்றும் சொல்வதுண்டு. இரண்டையும் ஒன்றாக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஏளனம் ஆளைத் தாழ்த்துகிறது. நண்பர்களுக்கு இடையிலான கேலியில் அந்த எண்ணம் துளியும் கிடையாது.

சொல்லின் பிறப்பும் இதையே காட்டுகிறது. வடமொழியில் கேலி என்பதற்கு விளையாட்டு, களிப்பு என்றே பொருள். மலையாளத்தில் அது கேளி. கதகளி நடக்கும் நாளில் மாலையிலேயே செண்டையும் மத்தளமும் முழக்கி ஊருக்குத் தெரிவிப்பதைக் கேளிகொட்டு என்கிறார்கள். சினிமா டிக்கெட்டோடு நாம் கட்டிவந்த கேளிக்கை வரியில் இருப்பதும் இதே சொல்தான். தமிழில் மட்டும் விளையாட்டு என்ற பொருள் கேளிக்கையோடு நின்றுவிட, கேலி பேச்சளவில் சுருங்கிவிட்டது.

ஆனால் வழக்கத்தில் விளையாட்டு போய்விடவில்லை. அதற்கு விதிகூட இருக்கிறது. கிராமங்களில் மச்சான், கொழுந்தியாள், அத்தை மகன், மாமன் மகள் ஆகியோர் கேலிக்கு உரிய முறைக்காரர்கள். திருவிழாவில் மஞ்சள் நீர் ஊற்றுவதும் அவர்கள் மேல்தான். பங்காளி வீட்டில் அப்படி வாயாடினால் பெரியவர்கள் அதட்டிவிடுவார்கள்.

இலக்கியத்தில் இதற்கு அருகில் வருவது ஏசல், அதாவது ஒருவரையொருவர் வசைபாடிக்கொள்ளும் பாட்டு. உழவர் வாழ்வைப் பாடும் முக்கூடற்பள்ளு என்ற நூலில் பள்ளனுக்கு இரண்டு மனைவியர்; மூத்த பள்ளி திருமாலின் பக்கம், இளையவள் சிவன் பக்கம். கட்டிக்கொள்ள நாலு முழத் துண்டுகூட இல்லாமல் புலித்தோலை உடுத்தவன்தானே உங்கள் சாமி என்கிறாள் ஒருத்தி. உங்கள் சங்குக்கையன் மட்டும் என்ன, சடை கட்டி மரவுரி உடுத்தவன்தானே என்று திருப்பித் தருகிறாள் மற்றவள். சக்களத்திச் சண்டையாகத் தொடங்கும் இந்த ஏசல் சமாதானத்தில் முடிகிறது. சிவனும் திருமாலும் இப்படி அகப்பட்டுக்கொண்டதைக் கேட்டு ரசித்தவர்கள் நம் முன்னோர்.

சரி, வடமொழியிலிருந்து வந்த கேலிக்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும்? பலரும் எள்ளல் என்பார்கள். "எள்ளல் இளமை பேதைமை மடன்" என்று நகை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலை முதலில் வைக்கிறது தொல்காப்பியம். பிறரை எள்ளி நகுவதோடு, பிறர் நம்மை எள்ளும்போது நாமே நகுவதும் இதில் அடங்கும் என்பது பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரை. அருமையான விளக்கம். ஆனாலும் இன்றைய வழக்கில் எள்ளலுக்கு இகழ்ச்சி ஏறிவிட்டது. கிண்டல் தமிழ்ச் சொல்தான். கிண்டு என்ற வினையிலிருந்து வந்தது. ஒருவரைச் சீண்டிக் கிளறும் பேச்சுக்கு அது மிகப் பொருத்தம், ஆனால் குத்தல் கொஞ்சம் கூடுதல்.

என் தேர்வு நகையாடல். காரணம் சங்க இலக்கியத்தில் இருக்கிறது. "நகைவர்க்கு அரணம் ஆகிப் பகைவர்க்குச் சூர் நிகழ்ந்தற்று நின் தானை" என்று சேரனின் படையைப் பாடுகிறது பதிற்றுப்பத்து. நகைவர் என்றால் நண்பர்; பகைவருக்கு நேர் எதிர். கூடிச் சிரிப்பவனே நண்பன் என்று ஒரு மொழி பெயர் வைத்திருக்கும்போது, நட்புக் கேலிக்கு வேறு வேர் தேட வேண்டியதில்லை.

எல்லையையும் வள்ளுவர் அதே சொல்லில் வைத்துவிட்டார்: "நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி" (குறள் 995). விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி வலிக்கும். ஒருவரின் நிறம், உடல், வறுமை, சாதி ஆகியவற்றைத் தொடும் பேச்சை நகையாடல் என்று சொல்லக் கூடாது, அது இகழ்ச்சி.

கேலிச்சித்திரம், கேலிக்கூத்து ஆகிய தொடர்கள் அச்சில் நிலைத்துவிட்டன; அவற்றை மாற்ற வேண்டிய தேவை இல்லை. "நண்பர்கள் கேலி பேசிச் சிரித்தார்கள்" என்று எழுத வரும் இடத்தில் "நகையாடிச் சிரித்தார்கள்" என்று எழுதலாம்.