அடிவயிற்றிலிருந்து ஏறும் பத்து நொடி

"அடிவயித்துல ஏதோ கலக்கும் டாக்டர். ஊஞ்சல் மேலே போய் சட்டுன்னு இறங்கும்போது ஒரு மாதிரி இருக்குமே, அப்படி. அது நெஞ்சு வரைக்கும் ஏறும். அப்புறம் போயிடும்."

சொன்னவர் தையல் வேலை செய்யும் முப்பது வயதுப் பெண் (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). என்னிடம் வருவதற்கு முன் நான்கு வருடம் வாயு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். எண்டோஸ்கோபி இரண்டு முறை எடுத்தாயிற்று. இரைப்பையில் ஒன்றும் இல்லை என்றதும் 'மனப்பதற்றம்' என்று சீட்டில் எழுதிவிட்டார்கள்.

விஷயத்தைப் போட்டு உடைத்தவர் கூட வந்த கணவர். "சில தடவை அது வந்தா, கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா சார். எதையோ மெல்லுற மாதிரி வாயை அசைப்பா, முந்தானையை நோண்டிக்கிட்டே இருப்பா. ஒரு நிமிஷம் கழிச்சு 'என்ன?'ன்னு கேப்பா." அந்தப் பெண் கணவரை வியப்போடு திரும்பிப் பார்த்தார். அப்படி நடப்பதே அவருக்குத் தெரியாது. ஊரிலிருந்த அம்மாவிடம் போனில் கேட்டபோது இன்னொன்றும் வந்தது: ஒன்றரை வயதில் காய்ச்சலோடு அரை மணி நேரம் நிற்காத வலிப்பு. எம்.ஆர்.ஐ.யில் வலது ஹிப்போகாம்பஸ் (மூளையின் பொட்டுப் பக்கத்தில் உள்ளே இருக்கும் நினைவுப் பகுதி) சுருங்கித் தழும்பேறியிருந்தது.

வயிற்றிலிருந்து ஏறும் அந்த உணர்வுக்கு மருத்துவத்தில் 'ஆரா' என்று பெயர். கிரேக்கத்தில் அதற்கு இளங்காற்று என்று பொருள். காலிலிருந்து குளிர்ந்த காற்றுபோல ஒன்று மேலே ஏறுவதாக ஒரு நோயாளி சொன்னதை இரண்டாம் நூற்றாண்டிலேயே காலன் (Galen) என்ற கிரேக்க மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் 'ஆரா'வை முன்னறிகுறி என்று மொழிபெயர்ப்பதில்தான் எனக்குச் சங்கடம். அது வலிப்புக்கு முன்னால் வருவது அல்ல, அதுவே வலிப்பு. மூளையின் ஒரு சிறு இடத்தில் மட்டும் மின்கிளர்ச்சி நடக்கும்போது நினைவு தப்பாது, அந்த இடத்துக்குரிய உணர்வு மட்டும் தெரியும். அங்கேயே அடங்கினால் பத்து நொடியில் முடிந்துவிடும். பரவினால் நினைவு மங்கும். இரண்டு பக்கமும் பரவினால்தான் கை கால் வெட்டி இழுக்கும், ஊரார் 'காக்காய் வலிப்பு' என்று சொல்லும் நிலை.

எந்த இடம் என்பதைப் பொறுத்து உணர்வு மாறும். பொட்டுமடலின் (நெற்றிப் பொட்டை ஒட்டிய மூளைப் பகுதி) உட்புறம் என்றால் வயிறு கலக்கம், காரணமில்லாத பயம், இல்லாத ரப்பர் எரியும் நாற்றம், 'இது ஏற்கெனவே நடந்திருக்கிறதே' என்ற மயக்கம். பின்மண்டை என்றால் வண்ண வண்ண உருண்டைகள். உச்சிப் பக்கம் என்றால் ஒரு கையில் மட்டும் எறும்பு ஊர்வது போல. இதையெல்லாம் வீட்டில் சொன்னால் பேய் பிடித்திருக்கிறது என்பார்கள், டாக்டரிடம் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பயந்து வருடக்கணக்காக வாய் திறக்காதவர்கள் நிறைய. "சொன்னா சிரிப்பீங்க" என்று ஆரம்பிப்பவர்களிடம்தான் நான் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

பதற்றத்துக்கும் இதுபோல வரும்தானே? வரும். ஆனால் பதற்றம் மெல்ல ஏறிப் பல நிமிடங்கள் நிற்கும். ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் ஓடும் வளைகோடுகளும் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் மெதுவாகப் பரவும். வலிப்பின் ஆரா நொடிக்கணக்கு, மிஞ்சினால் ஒன்றிரண்டு நிமிடம். அச்சு மாறாமல் ஒவ்வொரு முறையும் அதே மாதிரி வரும். மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. இயல்பாக இருந்துவிட்டால் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டவும் கூடாது. உள்ளே ஆழத்தில் சின்ன இடத்தில் நடப்பது தலைக்கு மேல் ஒட்டும் கம்பிகளுக்குப் பல நேரம் எட்டாது.

மாத்திரை ஆரம்பித்த பிறகு "வலிப்பு நின்னுடுச்சு" என்று சொல்பவர்களிடம், "வயிறு கலக்கம்?" என்று கேட்டால், "அது மட்டும் வாரத்துக்கு ஒண்ணு வரும்" என்பார்கள். அப்படியானால் நிற்கவில்லை. அதைச் சொல்லாமல் மாத்திரையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது ஆபத்து.

சரி, வந்துவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? உட்காருங்கள், முடிந்தால் தரையில் படுங்கள். அடுப்பெரிந்தால் அணைக்க ஓடாமல் முதலில் அதைவிட்டு விலகுங்கள். கிணற்றடி, மாடிப்படி, ரயில் மேடை ஓரம் எதுவானாலும் அப்படித்தான். வண்டியில் இருந்தால் ஓரங்கட்டுங்கள். கட்டுப்பாட்டுக்குள் வரும்வரை இரு சக்கர வண்டியே வேண்டாம் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டாக்டர் அவசரத்துக்கு மூக்கு ஸ்பிரே எழுதிக் கொடுத்திருந்தால் அதை எப்போது அடிப்பது என்பதை உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லித்தரச் சொல்லிக் கேளுங்கள். நினைவு தப்பினால் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியது அவர்கள் வேலை. இழுப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது? பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நிற்கும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும். பெயரை இரும்பு தட்டிக்கொண்டு போகிறது.

ஆனால் வாசனையைப் பற்றி ஒரு வினோதமான கதை உண்டு. 1956-இல் ராபர்ட் எஃப்ரன் என்ற மருத்துவர் ஒரு பாடகியைப் பற்றி எழுதினார். நாற்றத்தோடு வரும் ஆரா அவருக்கு. அது தொடங்கியவுடன் மல்லிகை வாசனையை முகர்ந்தால் அந்த வலிப்பு மேலே பரவாமல் நின்றது. பிறகு அந்த வாசனையோடு ஒரு கைவளையைப் பார்க்கப் பழக்கினார். கடைசியில் வளையைப் பார்த்தாலே, நினைத்தாலே போதும் என்றானது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தி மல்லிகைச் சரம் வாங்கக் கூடாது. அது அந்த ஒருவரிடம் நடந்தது. ஆனாலும் அந்தச் சில நொடிகளில் மூளையோடு கொஞ்சம் பேரம் பேச முடிகிறது என்று சொல்லும் நோயாளிகளை நானும் பார்த்திருக்கிறேன். ஒருவர் கையை இறுக்கி மூடுவார், ஒருவர் உரக்க எண்ணுவார். மாத்திரையோடு சேர்த்துச் செய்யுங்கள், தடுக்க மாட்டேன்.

மறைப்பதற்கு இன்னொரு காரணம் கல்யாணம். வலிப்பு இருந்தால் திருமணம் செய்யத் தகுதியில்லை என்ற விதி இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. வீடுகளிலிருந்து இன்னும் போகவில்லை. பெண்கள் புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்து, விருந்தாளி வந்த நாளில் விட்டுவிடுவார்கள். மாத்திரை தவறிய நாளும் தூக்கம் கெட்ட நாளும்தான் ஆரா அடிக்கடி வரும் நாட்கள்.

தையல்காரப் பெண்ணை ஒரு நோட்டு போடச் சொன்னேன்: தேதி, நேரம், எத்தனை நொடி, முந்தின இரவு எவ்வளவு தூக்கம். மூன்று மாதம் கழித்துக் கொண்டுவந்தார். மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு என்றிருந்தது இரண்டாகக் குறைந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரே நாளில் நான்கு. எதிரே, "தங்கச்சி கல்யாணம். ராத்திரி பூரா பூ கட்டினோம்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், கணவருடையது: "காலை மாத்திரையும் மறந்துட்டா."