டிபிஎஸ் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் உண்டு: பாலிசியில் பார்க்க வேண்டியவை

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு மூளைக்குள் மின்முனை பொருத்தும் சிகிச்சையை ஆஸ்பத்திரிகளில் டிபிஎஸ் என்பார்கள். பல லட்சம் ஆகும். "இன்சூரன்ஸில் இதெல்லாம் வராது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, மருத்துவ பாலிசிகள் இவற்றை ஒதுக்கக் கூடாது என்றது. டிபிஎஸ் அதில் ஒன்று. பழைய பாலிசிகளுக்கும் 2020 அக்டோபர் முதல் இது பொருந்தியது.

எவ்வளவு தரவேண்டும் என்பதில்தான் சிக்கல். உச்சவரம்பு வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு இடம் இருக்கிறது. பாலிசிப் புத்தகத்தில் 'நவீன சிகிச்சைகள்' பகுதியைப் பாருங்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம்தான். 5 லட்சத்துக்கு எடுத்தவருக்கு 2.5 லட்சம். அதோடு, க்ளெய்மில் 5 சதவீதம் நம் பங்கு வேறு. செலவின் பெரும்பகுதி மின்முனைகளுக்கும், காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கும் பேட்டரிக் கருவிக்கும் போகிறது. ஆகவே எஸ்டிமேட்டில் கருவியின் விலையைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். உச்சவரம்புக்குள் கருவியும் சேருமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

க்ளெய்ம் அதிகம் அடிபடுவது 'ஏற்கெனவே இருந்த நோய்' என்ற காரணத்தில். அந்த நோய்க்குப் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 3 ஆண்டு. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பிள்ளைகள், காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்கும் அப்பச்சி, ஆத்தாவுக்கு ஆன்லைனில் பாலிசி எடுப்பது நம் பக்கம் சகஜம். கை நடுக்கம் எப்போது தொடங்கியது என்று வீட்டில் கேட்காமலே படிவத்தில் 'நோய் இல்லை' என்று போட்டுவிடுகிறார்கள். பிறகு மதுரையிலோ சென்னையிலோ அட்மிஷன் போடும்போது, கூட வந்தவர் டூட்டி டாக்டரிடம் "அப்பச்சிக்கு ஆறேழு வருசமாவே கை ஆடுது" என்று சொல்ல, அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். பாலிசிக்கு வயது நான்கு என்றால், மறைத்து எடுத்ததாகச் சொல்லி மறுத்துவிடுவார்கள். பாலிசி எடுக்கும்போதே உள்ளதைச் சொல்லுங்கள். அட்மிஷனில் தோராயக் கணக்கு வேண்டாம். நோய் என்று டாக்டர் முதலில் எழுதிய சீட்டைக் கொடுத்து, அந்தத் தேதியைப் பதியச் சொல்லுங்கள். 5 ஆண்டு விடாமல் புதுப்பித்த பாலிசியில், மோசடி நிரூபணமானால் ஒழிய, மறைத்ததாகக் கூறி மறுக்க முடியாது. 'நிரந்தர விலக்கு' (எப்போதுமே பணம் தராத நோய்கள்) பகுதியில் பார்க்கின்சன் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 விதி அதற்கும் இடம் கொடுத்திருந்தது.

இன்சூரன்ஸ் நிறுவனத்தின் முன் அனுமதிக்கு நரம்பியல் நிபுணரின் கடிதம், எம்ஆர்ஐ, மனநிலை-நினைவாற்றல் பரிசோதனை, லெவோடோபா (நடுக்குவாத மாத்திரை) சோதனை முடிவு ஆகியவை தேவைப்படும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். சுமார் 12 மணி நேரம் மாத்திரையை நிறுத்தி, கை கால் இயக்கத்துக்கு மதிப்பெண் எடுப்பார்கள். மாத்திரை கொடுத்தபின் மறுபடி எடுப்பார்கள். குறைந்தது 30 சதவீத அளவுக்காவது முன்னேற்றம் வேண்டும். மாத்திரைக்குக் கேட்காத தள்ளாட்டம் டிபிஎஸ்ஸுக்கும் பெரும்பாலும் கேட்காது. நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மறதி நோய் முற்றியவர்களுக்கு இது ஏற்றதல்ல.

அறுவை முடிந்து சில வாரங்களில் கருவி தரும் மின்தூண்டலின் அளவைச் சரிசெய்யத் தொடங்குவார்கள். மாதக்கணக்கில் போய்வர வேண்டும். ஆரோக்ய சஞ்சீவனியில் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் செலவுதான் உண்டு. முதல் சில விசிட்களின் பில்லை அந்தக் கெடுவுக்குள் சேர்த்துவிடுங்கள். ரீசார்ஜ் செய்யமுடியாத பேட்டரி 3 முதல் 5 ஆண்டில் தீரும், மாற்ற மறுபடி அறுவை. அதனால் முதல் க்ளெய்ம் கிடைத்ததும் பாலிசியை விட்டுவிடக் கூடாது.

தனியார் பாலிசி இல்லாதவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சைக்கு எந்த ஆஸ்பத்திரியில் அனுமதி உண்டு என்று 1800 425 3993-இல் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பார்க்கின்சனும் இருக்கிறது. சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கி, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக்கொடுக்கலாம்.

க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.