எழுதுவது பழகாது, உட்காருவது பழகும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய டைரி கிடக்கிறது. புத்தாண்டுக்கு ஜவுளிக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஜனவரி 1 முதல் 11 வரை நீல மையில் என் கையெழுத்து. முதல் நாள் ஒன்றரைப் பக்கம், நாலாம் நாள் அரைப் பக்கம். 11ஆம் தேதி ஒரே வரி: 'இன்று நேரமில்லை, நாளை விரிவாக.' அந்த நாளை வரவேயில்லை. பிப்ரவரி முழுக்கக் காலி. மார்ச் 1இல் இருந்து அம்மாவின் கையெழுத்து: ½, ½, ½, ¾ (மாமா வந்தார்), ½. பால் கணக்கு. டிசம்பர் 31 வரை போகிறது.

எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். அந்த வருஷம் தினமும் எழுதியது அம்மா.

பால் கணக்கும் எழுத்தும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லைதான். ஆனால் டைரி இருந்த இடத்தைப் பாருங்கள். சமையலறை நிலைக்கதவில் ஆணியடித்து, சணலில் தொங்கியது. அதே சணலின் இன்னொரு நுனியில் ஒரு பால்பாயிண்ட் பேனா. பால்காரர் மணியடிப்பார், அம்மா பாலை வாங்குவார், பாத்திரம் அடுப்புக்குப் போவதற்குள் கை டைரிக்குப் போய்த் திரும்பியிருக்கும். நானோ தினமும் ராத்திரி முதலில் பேனாவைத் தேடவேண்டும், அப்புறம் எழுதுவதா தூங்குவதா என்று எனக்குள் ஒரு பஞ்சாயத்து நடத்தவேண்டும்.

அந்தப் பஞ்சாயத்து இல்லாமல் போவதைத்தான் பழக்கம் என்கிறோம். அது மூளையில் எப்படிப் பதிகிறது என்பதை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபியல் என்ற நரம்பியலாளரின் குழு எலிகளை வைத்துப் பார்த்தது. ஆங்கில டி எழுத்து வடிவில் ஒரு பாதை. 'க்ளிக்' என்ற சத்தத்தோடு கதவு திறக்கும். எலி ஓடும்போது ஓர் ஒலி கேட்கும். அதை வைத்து இடமா வலமா என்று சரியாகத் திரும்பினால் சாக்லேட் கிடைக்கும். மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி இருக்கிறது. பாதைக்குப் புதிதான எலியில், அங்கேயுள்ள நரம்பணுக்கள் ஓட்டம் நெடுகத் துடித்துக்கொண்டே இருந்தன. நன்றாகப் பழகிய பிறகு அந்தத் துடிப்பு இரண்டு முனைகளுக்கு ஒதுங்கிவிட்டது: கதவு திறக்கும்போது கொஞ்சம், சாக்லேட்டை எட்டும்போது கொஞ்சம். 1999இல் வெளியான ஆய்வு இது. ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் இரண்டு முடிச்சுப் போட்டு, நடுவில் நடப்பதையெல்லாம் மூளை ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகிறது.

எழுதுகிறவருக்கு இங்கேதான் சிக்கல். பொட்டலம் கட்டினால் பல் தேய்க்கலாம், சைக்கிள் ஓட்டலாம், வீட்டைப் பூட்டினோமா என்று தெருமுனையில் நின்று குழம்பலாம். எழுத்தைப் பொட்டலம் கட்டினால் அது கல்யாண வாழ்த்துமடல் மாதிரிதான் வரும். 20 வருஷம் தினமும் எழுதினவருக்கும் அடுத்த வாக்கியம் தானாக வந்து விழுவதில்லை. அதை ஒவ்வொரு முறையும் யோசித்தே ஆகவேண்டும்.

அப்படியென்றால் எழுத்தில் எதைப் பழக்கமாக்குவது? அலிசன் பிலிப்ஸ், பெஞ்சமின் கார்ட்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் உடற்பயிற்சியை வைத்து 2016இல் இதற்கு விடை கிடைக்கும்படி ஒரு காரியம் செய்தார்கள். பழக்கத்தை இரண்டாகப் பிரித்தார்கள். 'இப்போது உடற்பயிற்சி' என்று யோசிக்காமல் கிளம்புவது ஒன்று. கிளம்பியபின் அதே அசைவுகளை யோசிக்காமல் செய்வது இன்னொன்று. ஒருவர் எத்தனை முறை உடற்பயிற்சி செய்வார் என்பதைக் கிளம்பும் பழக்கம்தான் காட்டிக்கொடுத்தது. செய்யும் பழக்கம் அதற்கு உதவவில்லை. எழுத்துக்கும் இதுவே பொருந்தும் என்பது என் கட்சி. தானாக நடக்கவேண்டியது நாற்காலியில் போய் உட்காருவது மட்டும். அதற்குமேல் கஷ்டம்தான், கஷ்டமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

உட்காருவதைத் தூண்டிவிட ஒரு மணி வேண்டும், பால்காரரின் மணி மாதிரி. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கால்விட்சர் இதை எழுத்து வேலையை வைத்தே சோதித்திருக்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகும் மாணவர்களிடம், பண்டிகைக்கு முந்தின மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று அடுத்த 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் கூடுதலாக ஒன்றே ஒன்று கேட்டார்கள்: எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள்? அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போனவர்களில் நாலில் மூன்று பங்கினர் நேரத்துக்கு எழுதினார்கள். கேட்கப்படாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். எழுதும் ஆசை இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் இருந்திருக்கும். 'சாப்பிட்டதும், அப்பாவின் மேஜையில்' என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், சாப்பிட்டு முடிப்பதே மணியாகிவிடுகிறது.

இடமும் இழுக்கும். 2011இல் டேவிட் நீல், வெண்டி வுட் என்ற உளவியலாளர்களின் குழுவினர் திரையரங்குக்கு வந்தவர்களுக்குப் பாப்கார்ன் கொடுத்தார்கள். சிலருக்குப் புதிது, சிலருக்கு ஒரு வாரம் பழசு. சினிமா என்றாலே பாப்கார்ன் என்று பழகியவர்கள் நமுத்துப்போனதையும் புதியதுக்குச் சமமாகத் தின்று தீர்த்தார்கள். அதேபோலப் பழகிய வேறு சிலரை ஒரு கூட்ட அறையில் உட்காரவைத்துப் பாட்டுக் காட்சி போட்டபோது பழசைக் குறைவாகவே தின்றார்கள். திரையரங்கிலேயே பழக்கமில்லாத கையால் தின்னச் சொன்னபோதும் பழசு உள்ளே போவது குறைந்தது. ருசி சொல்வதைக் கேட்காத கை இடம் சொல்வதைக் கேட்கிறது. சீரியல் பார்க்கும் சோபாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால் கை எந்த ரிமோட்டுக்குப் போகும் என்று தனியாகச் சொல்லவேண்டாம்.

அடுத்து, கூலி. குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் செய்த சோதனைகளில், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் முதலில் சாறு கிடைத்தபோது துடித்தன. பழகிய பிறகு சாறு வரப்போவதைச் சொல்லும் அடையாளத்தைக் கண்டதுமே துடித்தன. மணிக்கு இழுக்கும் சக்தி வருவது இப்படித்தான். ஆனால் கூலி சீக்கிரம் வரவேண்டும். எழுத்தின் கூலியோ புத்தகக் கண்காட்சி வரைக்கும், சில சமயம் அதற்கு அப்புறமும் காத்திருக்கவைக்கும்.

என் ஏற்பாட்டைச் சொல்கிறேன். காலையில் ஃபில்டரில் காப்பிப்பொடி போட்டு வெந்நீர் ஊற்றி மூடுவேன். அது மணி. மூடியதும் நாலடி தள்ளியிருக்கும் மேஜையில் உட்காருவேன்; நோட்டு முந்தின நாளே திறந்து கிடக்கும். டிகாக்‌ஷன் இறங்க 15, 20 நிமிஷம். அதுவரை எழுத்து. இறங்கியதும் காப்பி. மணி, இடம், கூலி மூன்றும் ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடுகிறது. தூள் ரொம்ப நைசாக இருந்துவிட்டால் சொட்டுச் சொட்டாக இறங்கும், அன்றைக்கு ஒரு பத்தி கூடுதலாகக் கிடைக்கும்.

இதில் நான் ஒன்றும் முன்னோடியில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பல வருஷம் தபால் துறையில் வேலை பார்த்த, மொத்தம் 47 நாவல்கள் எழுதிய அந்தோனி டிரோலப்புக்கும் காப்பிதான் மணி. காலை ஐந்தரைக்கெல்லாம் மேஜைக்குப் போய்விடவேண்டும் என்பதற்காக, காப்பியோடு வந்து எழுப்பும் ஒரு வயதான வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடியாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல். ஆனால் எடுத்ததும் எழுதிவிடமாட்டார். முதல் அரை மணி, முந்தின நாள் எழுதியதைப் படிப்பார். சொல் கணக்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த அரை மணிதான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

கடிகாரம் பார்த்து எழுதினால் கற்பனை வற்றிவிடாதா? ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1983இல் வெளியிட்ட சோதனையில் 27 கல்லூரி ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒன்பது பேர் அவசரம் இருந்தாலொழிய எழுதக்கூடாது. ஒன்பது பேர் மனம் வரும்போது எழுதலாம். மிச்சம் ஒன்பது பேர் குறித்த நேரத்தில் எழுதியே தீரவேண்டும், தவறினால் தங்களுக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்குப் பணம் போய்விடும். கட்டாயத்தில் மாட்டியவர்கள் நாளுக்குச் சராசரியாக 3.2 பக்கம் எழுதினார்கள். மனம் வரக் காத்திருந்தவர்கள் 0.9. பக்கக் கணக்கு எதிர்பார்த்ததுதான். ஆனால் புது யோசனைகளும் அப்படியே வந்தன: கட்டாயக் கூட்டத்துக்கு நாளுக்கு ஒன்று, மனம்போல் எழுதியவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று, எழுதாதவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று. சின்னச் சோதனை, யோசனைகளைக் குறித்துக்கொண்டதும் அவரவரே. அதனால் எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எழுத உட்கார்ந்த பிறகுதான் என்ன எழுதப்போகிறோம் என்பது தெரியும் என்று எழுதுகிற யாரும் சொல்வார்கள்.

சரி, எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அதன் வேர், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய ஒரு குறிப்பு. அறுவை செய்துகொண்டவருக்குத் தன் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தபோது கிடைத்த நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை போனது. (12 வாரத்தில் 254 நாள் எப்படி என்றால், பழக்கம் ஏறிய வேகத்தைக் காட்டும் வளைகோட்டை 12 வாரத்துக்கு அப்பாலும் நீட்டிப் போட்ட கணக்கு அது.) காலைச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் என்பது சீக்கிரம் பழகியது, உடற்பயிற்சி இழுத்தடித்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை.

அதைப் படித்ததும் பரணிலிருந்து டைரியை இறக்கி மறுபடி புரட்டினேன். ஜூன் 17க்கு நேரே ஒன்றுமில்லை. 18இல் வழக்கம்போல ½. 12ஆம் தேதி தவறியதற்காக ஒரு வருஷத்தையே விட்டவன் நான் என்பதால், அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அன்னிக்கு என்னம்மா ஆச்சு?"

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "யாருக்குடா ஞாபகம்? மாசக் கடைசில பால்காரருக்குக் குடுத்த காசு சரியாத்தானே இருந்துச்சு?"