விதவை உதவித்தொகை: வாய்ப்பேச்சைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள்

கணவரை இழந்து ஆதரவில்லாமல் இருக்கும் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 1,200 ரூபாய் தருகிறது. 2023 ஆகஸ்டில்தான் அது 1,000 ரூபாயிலிருந்து உயர்ந்தது. மனு இ-சேவை மையத்தில் ஏறும், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள், தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் முடிவெடுப்பார். எழுத்தில் இவ்வளவுதான். அலைச்சல் வேறு கதை.

"நாற்பது வயசு ஆகலியே" என்று திருப்பி அனுப்பினால் போய்விடாதீர்கள். 40 வயதும் வறுமைக்கோட்டுப் பட்டியலும் மத்திய அரசுத் திட்டத்துக்கு. மாநிலத்தின் ஆதரவற்ற விதவைகள் திட்டத்துக்கு 18 வயது முடிந்தால் போதும். இளம் விதவைகளைத்தான் இந்த ஒரு வரி அதிகம் ஏமாற்றுகிறது. எந்தத் திட்டத்தில் பதிகிறார்கள் என்று இ-சேவை மையத்திலேயே கேளுங்கள்.

அடுத்தது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய தொல்லை. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் உடம்பு மோசமானால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் ஓடுகிறோம். அங்கே உயிர் போனால் இறப்பும் அங்கேதான் பதிவாகும், சான்றிதழ் கேரளத்துடையது. அது செல்லும். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் வீட்டுப்பேரோடு எழுதிய பெயர் அப்படியே சான்றிதழில் ஏறிவிடுகிறது. ரேஷன் கார்டில் வீட்டுப்பேர் கிடையாது. போதாக்குறைக்கு மனைவி ஆதாரில் ஸ்டெல்லா மேரி, கார்டில் மேரி ஸ்டெல்லா. அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) ஒரு நாள் கூலியை விட்டு வந்தவரிடம், இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபி என்பார்கள். மனு போடுவதற்கு முன்பே ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், இறப்புச் சான்றிதழ் நான்கையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். திருத்த வேண்டியதை முதலில் திருத்துங்கள்.

சொத்து மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. இங்கே ஒரு சென்ட் நிலம் விற்கிற விலையில் இந்த வரம்பை யார் யோசித்தார்களோ! குடியிருக்கும் வீடு மாமனார் பேரில், பாகம் பிரிக்காமல் கிடந்தால், அது உங்கள் பேரில் இல்லை என்பதை மனுவிலேயே எழுதுங்கள். விசாரணைக்கு வருபவர் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது.

"மகன் இருக்கான்ல" என்று திருப்பி அனுப்புவது இன்னொன்று. மகன் தனியாகப் போய், பைசா தராமல் இருந்தால், அதை விசாரணையின்போது வெட்கப்படாமல் சொல்லுங்கள். மானம் பார்த்து "பார்த்துக்கிறான்" என்று சொன்னால் அறிக்கையிலும் அதையே எழுதுவார்கள்.

இ-சேவையில் கடைக்காரரின் போன் நம்பரைக் கொடுக்க விடாதீர்கள். தகவலெல்லாம் அவருக்குத்தான் போகும். உங்கள் வீட்டு நம்பரைக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் நகராதீர்கள். "நான் பார்த்து முடித்துத் தாறேன்" என்று வாசலில் நிற்கும் ஆளுக்குப் பத்து ரூபாய்கூடத் தர வேண்டாம்.

தள்ளுபடி என்றால் காரணத்தை எழுதிக் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கே மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பதற்குச் சான்று இருந்தால் அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதிலோடு திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். அங்கேயும் மனு எண் வாங்கிய பிறகே கிளம்புங்கள்.