சீப்பு கேட்டால் சோப்பு வரும்

கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் அக்கா வீடு. அடுக்களையில் மிக்சி ஓடுகிறது, மீன்குழம்புக்குத் தேங்காய் அரைபடுகிறது. "மக்ளே, அந்தச் சீப்ப எடுத்துட்டு வா" என்று அக்கா குரல் கொடுக்கிறாள். எட்டு வயதுப் பையன் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் சோப்பைக் கொண்டுவந்து நீட்டுகிறான். அக்கா தலையில் அடித்துக்கொள்கிறாள். மிக்சியை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்து அதையே சொன்னால் சீப்பு சரியாக வந்துவிடும்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். நோட்டில் "கவனம் போதாது" என்று எழுதி அனுப்புவார்கள். காது மந்தமோ என்று பயந்து பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். ரிசல்ட் நார்மல். அத்தானுக்கு அன்றைக்கு ஒரே நிம்மதி, அக்காவுக்கோ இரட்டைக் குழப்பம். காது கேட்கிறது என்றால் இவன் வேண்டுமென்றேவா இப்படிச் செய்கிறான்?

இல்லை. அந்தப் பரிசோதனை என்ன கேட்கிறது என்று பார்த்தால் புரிந்துவிடும். சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை 'பீப்' ஒலிகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போவார்கள், கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். எவ்வளவு மெல்லிய ஒலி வரை காதுக்கு எட்டுகிறது என்பதுதான் அங்கே கேள்வி. வந்து சேர்ந்த ஒலிகளில் எது அம்மா, எது மிக்சி, எது தெருவில் போகும் மீன் வண்டி என்று பிரித்தெடுப்பது வேறு வேலை. அது காதில் நடப்பதில்லை, காதுக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள பாதையிலும் மூளையிலும் நடக்கிறது. அந்த வேலை தடுமாறுவதைத்தான் செவிவழிச் செயலாக்கக் குறைபாடு என்கிறார்கள், ஆங்கிலத்தில் சுருக்கமாக ஏபிடி. இதற்கு வீட்டிலேயே செய்யும் கேட்டல் பயிற்சி ஒன்று உண்டு, அது எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் நடக்கும்போது போய் நின்றிருக்கிறீர்களா? ஏலம் கூறுபவர் ஒரு பக்கம், விலை கேட்பவர்கள் நாலு பக்கம், பின்னால் அலை, வள்ளத்து எஞ்சின், காக்கா. வெளியூர்க்காரனுக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் கூடையோடு நிற்கும் அக்காமார் ஏலக்காரர் வாயிலிருந்து வரும் ஒரு எண்ணைக்கூட விடமாட்டார்கள். இத்தனை குரல்களுக்குள் ஒரு குரலை மட்டும் எப்படிப் பிடிக்கிறோம் என்ற கேள்வியை காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1953-இல் ஆய்வுக்கு எடுத்தார். ஒரு காதில் ஒரு பேச்சு, மறு காதில் வேறு பேச்சு ஓடவிட்டு, ஒன்றை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். மறு காதில் ஆண் குரல் பெண் குரலாக மாறியதைக் கவனித்தவர்கள், ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக் கவனிக்கவே இல்லை. வேண்டாததை மூளை அவ்வளவு அழுத்தமாக ஒதுக்கிவைக்கிறது.

இந்த ஒதுக்கலுக்கு மூளை பல கணக்குகள் போடுகிறது. முதல் கணக்கு திசை. இடப்பக்கம் எழும் ஒலி இடக் காதுக்கு முதலில் வரும், வலக் காதுக்குச் சற்றுப் பிந்தி வரும். எவ்வளவு பிந்தி? ஒலி நேர் பக்கவாட்டிலிருந்து வந்தால்கூட ஒரு நொடியை ஆயிரமாக்கினால் அதில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை, ஏறத்தாழ 0.6, 0.7 மில்லி விநாடிதான். அந்த இத்தனூண்டு வித்தியாசத்தை மூளைத்தண்டில் இருக்கும் நரம்பணுக்கள் அளந்து, இது அந்தப் பக்கத்துச் சத்தம், தள்ளிவை என்கின்றன. சின்ன வயதில் அடிக்கடி காதில் நீர் கோத்து, சீழ் வடிந்த பிள்ளைகளில் சிலருக்கு இந்தத் திசைக் கணக்கு சரியாகப் பழகாமல் போய்விடுகிறது, காது ஆறின பிறகும்கூட. எங்கள் பையனுக்கு மூன்று வயதுவரை சீழ் வடிவது நின்றதே இல்லை.

இரண்டாவது கணக்கு நேரம். தமிழ்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம், மாத்திரை என்று படித்தவர்கள்தானே நாம். பல் என்பதற்கும் பால் என்பதற்கும் நடுவில் இருக்கும் முக்கிய வித்தியாசம் நேரம்தான். படம், பட்டம் இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பட்டத்தில் 'ட்ட' வரும் இடத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு ஒரு கணம் சத்தமே இருக்காது, அந்த மௌனத்தின் நீளத்தை அளந்துதான் காற்றில் பறக்கிற சமாச்சாரமா சுவரில் மாட்டுகிற சமாச்சாரமா என்று மூளை முடிவு கட்டுகிறது. இரைச்சலுக்கு நடுவே ஐந்தாறு மில்லி விநாடி மௌனம் வந்தால்கூட நல்ல செவிப்புலன் கண்டுபிடித்துவிடும். சிலருக்கு இந்த அளவுகோல் கொஞ்சம் மொக்கையாக இருக்கும். தனியாகச் சொன்னால் சமாளிப்பார்கள், மிக்சி ஓடினால் மௌனத்துக்குள் மிக்சி புகுந்துகொள்ளும், போச்சு.

மூன்றாவது, இரண்டு காதுகளின் பங்காளிச் சண்டை. கனடாவில் டோரீன் கிமுரா 1961-இல் காட்டியது இது: இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களைச் சொன்னால், வலக் காதில் வந்ததைத்தான் பெரும்பாலானோர் அதிகம் சரியாகச் சொல்கிறார்கள். வலக் காதிலிருந்து போகும் முக்கிய நரம்புப் பாதை மூளையின் இடப்பக்கத்துக்குப் போகிறது, பெரும்பாலானோருக்கு மொழி இருப்பது அங்கே. இடக் காதின் செய்தி முதலில் வலப்பக்கம் போய், நடுவிலுள்ள நரம்புப் பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வர வேண்டும். அந்தப் பாலம் பிள்ளைகளுக்கு மெல்ல மெல்லத்தான் முற்றுகிறது. எனவே சின்ன வயதில் இடக் காது பின்தங்குவது இயல்பு, வயதுக்கு மீறிப் பின்தங்கினால்தான் கோளாறு.

சரி, வீட்டில் செய்யும் கேட்டல் பயிற்சி இதில் எங்கே வருகிறது? மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் நரம்பிணைப்புகள் போடுகிறவை, இணைப்புகள் பழக்கத்தால் மாறக்கூடியவை. பயிற்சிக்குச் சில நிபந்தனைகள் உண்டு. தினமும் கொஞ்ச நேரம் வேண்டும், பிள்ளை சும்மா கேட்டுக்கொண்டிராமல் பதில் சொல்ல வேண்டும், சரியா தப்பா என்று உடனே தெரிய வேண்டும். பாரமும் பிள்ளையின் விளிம்பிலேயே இருக்க வேண்டும், அதாவது பத்தில் ஏழெட்டு சரியாக வரும் அளவு. பத்துக்குப் பத்து வந்தால் மூளைக்கு வேலை இல்லை, பத்துக்கு மூன்று வந்தால் பிள்ளை எழுந்து போய்விடும்.

எந்தக் கணக்கு பலவீனமோ அதற்கான பயிற்சி வேண்டும் என்பதுதான் முக்கியம். திசைக் கணக்கு தடுமாறும் பிள்ளைகளுக்காக ஆஸ்திரேலியாவில் ஷாரன் கேமரன், ஹார்வி டில்லன் இருவரும் ஒரு கணினி விளையாட்டை உருவாக்கினார்கள். ஹெட்ஃபோனில் கேட்க வேண்டிய வாக்கியம் நேர் முன்னாலிருந்து வருவதுபோலவும், இடைஞ்சல் கதைகள் இரு பக்கமிருந்து வருவதுபோலவும் இருக்கும், சரியாகச் சொன்னால் கேட்க வேண்டிய குரல் இன்னும் தணியும், தப்பினால் கூடும். தினம் கால் மணி நேரம், வாரம் ஐந்து நாள், ஏறத்தாழ மூன்று மாதம், வீட்டிலேயே. 2011-இல் வந்த முடிவில் பிள்ளைகளின் திசைக் கணக்கு நன்றாகவே தேறியிருந்தது, பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்தும் நிலைத்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் ஒன்பதே பிள்ளைகள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இடக் காது பின்தங்கியவர்களுக்கு வேறு வழி. அமெரிக்காவில் ஃபிராங்க் மியூசிக் (Musiek) என்ற செவித்திறன் ஆய்வாளரின் குழுவினர் செய்தது எளிமையானது: இரு காதுக்கும் வெவ்வேறு சொல், ஆனால் வலுவான காதின் சத்தத்தைத் தணித்து, பின்தங்கிய காது ஜெயிக்கும்படி விட்டு, அது தேறத் தேற வலுவானதைப் பழைய அளவுக்கு ஏற்றிக்கொண்டே வருவது. சவலைப் பிள்ளைக்கு முதலில் சோறு போடுவது மாதிரி. போனில் இடம்-வலம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கோடு இருக்கிறது, வீட்டில் அதை வைத்தே செய்யலாம். ஆனால் எந்தக் காது பின்தங்கிய காது என்று ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் வல்லுநர், சோதித்துச் சொன்ன பிறகுதான், குத்துமதிப்பாக வேண்டாம்.

இப்போது ஒரு வயிற்றெரிச்சல். நாங்கள் முதலில் போன ஒரு மையத்தில் இந்த மூன்றில் எதையும் சோதிக்கவில்லை. ஒரு ஹெட்ஃபோன், வடிகட்டிய மேல்நாட்டு இசை, அறுபது நாள், ஒரு பெரிய தொகை. பையன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதன்பாட்டுக்குத் தூங்கினான். இந்த இசைச் சிகிச்சைகளின் மூலவர் ஆல்ஃபிரட் டொமாட்டிஸ் என்ற பிரெஞ்சு காது மருத்துவர், பிறகு கி பெரார் என்ற இன்னொருவர். பெரார் முறைக்குத் தக்க சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1998-லும், அங்குள்ள பேச்சு, செவித்திறன் வல்லுநர்கள் சங்கம் 2004-லும் சொல்லிவிட்டன. ஃபாஸ்ட் ஃபார்வேர்ட் என்ற பிரபலமான கணினிப் பயிற்சித் திட்டத்தைப் பற்றி 2011-இல் வந்த தொகுப்பாய்வும், வாசிப்புக்கோ பேச்சுமொழிக்கோ அதனால் பயன் என்று சொல்லச் சான்றில்லை என்றது. இசை கேட்பது நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள், அதற்கு இவ்வளவு பணமா என்பதுதான் என் கேள்வி.

ஏபிடி என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்பதிலேயே விஞ்ஞானிகளுக்குள் சண்டை உண்டு. பிரிட்டனில் டேவிட் மூர் குழு 6 முதல் 11 வயது வரை ஏறக்குறைய 1,500 பிள்ளைகளைச் சோதித்து 2010-இல் எழுதியது: இந்தப் பிள்ளைகளின் சிரமத்துக்கு ஒலியைப் பிரிக்கும் திறனைவிடக் கவனக் குறைவே பெரிய காரணமாகத் தெரிகிறது. அதனால் கவனக்கோளாறு, மொழி வளர்ச்சித் தாமதம், நடுக்காதில் தேங்கிய நீர் எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும். ஏபிடி சோதனைகளை ஏழு வயதுக்கு முன்னால் பொதுவாகச் செய்வதில்லை, அதற்கு முன்பு பிள்ளைக்குப் பிள்ளை முடிவு தாறுமாறாக இருக்கும். எங்கள் பக்கத்தாருக்கு முதல் படி ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவு. பேச்சு, செவித்திறனுக்கென்றே 1997-இல் தொடங்கிய நிஷ் நிறுவனம் திருவனந்தபுரத்தில் ஆக்குளத்தில் இருக்கிறது, மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறினால் சென்னை போகிற பாடு இல்லை. எங்கே போனாலும் சோதனைச் சொற்கள் எந்த மொழியில் என்று கேளுங்கள். விளவங்கோடு பக்கம் மலையாளமும் தமிழும் கலந்து பேசும் பிள்ளையை ஆங்கிலச் சொல்லால் சோதித்தால், வருகிற மதிப்பெண் காதுடையதா ஆங்கிலத்துடையதா என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் பையனுக்குத் திசைக் கணக்கில்தான் கோளாறு என்று வந்தது. ஆடியாலஜிஸ்ட் சொல்லிக்கொடுத்த முறையை நம் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டோம். வராந்தாவில் அவனை நாற்காலியில் உட்காரவைத்து நான் நேர் எதிரே, ஒரு மீட்டர் தள்ளி. அவனுக்கு இடமும் வலமும் இரண்டு போன், ஒன்றில் நான் கடற்கரையில் பதிவுசெய்த ஏலச் சத்தம், மற்றதில் எங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் யார் வீட்டுக் கல்யாணத்தையோ அலசுவது. தரையில் படங்கள்: பல், பால், படம், பட்டம், சீப்பு, சோப்பு. வாழையும் வாளையும்கூட உண்டு, ஒன்று மட்டிப்பழக் குலை, ஒன்று மீன். எங்கள் பக்கம் ழகரம் நன்றாகவே வரும் என்பதால் துணிந்து சேர்த்தேன், உங்கள் வாயில் இரண்டும் ஒன்றாக வருமானால் அதை விட்டுவிடுங்கள், பிள்ளையைக் குறைசொல்லிப் புண்ணியமில்லை. "வாளைக்குப் பக்கத்துல சோப்ப வை" என்பேன், அவன் வைக்க வேண்டும். எட்டுக்கு மேல் சரியானால் போன்களில் சத்தத்தை ஒரு படி ஏற்றுவேன், ஆறுக்குக் கீழே போனால் ஒரு படி இறக்குவேன்.

மூன்றாம் நாளே ஒன்று கண்டுபிடித்தேன். ஃபேன் சத்தம், அலைச் சத்தம் எல்லாம் அவனுக்குப் பெரிய தொந்தரவில்லை. அம்மாவின் கல்யாணக் கதைதான் அவனைக் கவிழ்த்தது. அதுதான் நியாயமும்கூட. அலை வெறுமனே மூடி மறைக்கிறது, பேச்சோ அர்த்தத்தைக் காட்டி இழுக்கிறது. அதனால் முதல் இரண்டு வாரம் அலை மட்டும், பிறகு ஏலம், கடைசியாகத்தான் கல்யாணம்.

இதோடு பயிற்சியே இல்லாத சில காரியங்களும் உண்டு, சொல்லப்போனால் உடனே பலன் தெரிந்தது அவற்றில்தான். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். நாலு மீட்டரில் இருக்கும் டீச்சரிடம் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் அவ்வளவு லாபம், செலவு ஒன்றும் இல்லை. வகுப்பறைச் சுவரில் ஒலி எதிரொலிப்பதால் லாபம் கொஞ்சம் குறையும், என்றாலும் முதல் பெஞ்ச் முதல் பெஞ்ச்தான். டீச்சர் சட்டையில் மைக், பிள்ளை காதில் சின்ன ரிசீவர் என்று கருவியும் இருக்கிறது, டீச்சர் பக்கத்திலேயே நிற்பதுபோலக் குரல் வரும். ஹெட்ஃபோனில் பயிற்சி என்றால் சத்தத்தை அடக்கியே வையுங்கள். பிள்ளைகளுக்கு 75 டெசிபல், வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை.

பத்து வாரம் முடிந்தது. மிக்சி ஓடும்போது சீப்பு இப்போது பெரும்பாலும் சீப்பாகவே வருகிறது. டிக்டேஷனில் இன்னும் ஒற்று விழுகிறது, அதற்கு இந்தப் பயிற்சி மருந்து என்று நான் சொல்லமாட்டேன். போன வாரம் பயிற்சிக்கு நடுவில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம், வராந்தாவுக்கு மேலே தகர ஷீட், கேட்க வேண்டுமா. நான் பாட்டுக்கு "பட்டத்துக்கு மேல பால வை" என்றேன். முன்பெல்லாம் விளங்கினாலும் விளங்காவிட்டாலும் "சரி" என்று தலையாட்டிவிட்டு எதையாவது எடுத்து வைப்பான். அன்றைக்குப் படங்களைத் தொடவே இல்லை. ஷீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாமா, ஒண்ணும் கேக்கல. மழ நிக்கட்டும், அப்புறம் சொல்லு" என்றான்.