மல்லிகை வேரின் முடிச்சுக்குள் என்ன நடக்கிறது?

தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நட்டிருக்கும் மணலைக் கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்து ஓடிவிடும். இந்த மணலில் வேர் நன்றாக இறங்கும். நாற்று வியாபாரத்துக்கு அதுதான் ஆதாரம். ஆனால் மணல் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, மண்ணில் வாழ்ந்து வேரைத் தாக்கும் நுண்ணிய வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் வசதியான பாதை. ஈரம் இருந்தும் செடி உச்சி வெயிலில் துவள்கிறது, உரம் போட்டும் வெளுப்பு தெளியவில்லை என்றால், முதலில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். பயறு, நிலக்கடலை வேரிலும் முடிச்சு உண்டு. அது ரைசோபியம் பாக்டீரியா தங்கும் நல்ல முடிச்சு, விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு உதிராது. அது வேரில் ஒட்டிக்கொண்டிருப்பது அல்ல, வேரே வீங்கியிருப்பது.

வீங்க வைப்பது யார்? செடிதான், அதுவும் தன் சொந்த மரபணுக்களைக் கொண்டே. நோய்க்கிருமி செடியைத் தின்று அழிக்கிறது என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். இந்தப் புழு செய்வது வேறு: செடியின் வளர்ச்சிக் கட்டளைகளையே தனக்காகத் திருப்பிவிடுகிறது.

முட்டையிலிருந்து வரும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. வாயில் உள்ளே துளையுள்ள ஓர் ஊசி இருக்கும். வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் அதைக் குத்தி, செல்லுலோஸையும் பெக்டினையும் கரைக்கும் நொதிகளைக் கக்கியபடி உள்ளே நுழைகிறது. செல்லுலோஸைக் கரைக்கும் நொதியைத் தானே தயாரிக்கும் திறன் பெரும்பாலான விலங்குகளுக்குக் கிடையாது. செடிகளைத் தாக்கும் நூற்புழுக்களிடம் அதற்கான மரபணு இருப்பது 1998-ல் தெரியவந்தது. பாக்டீரியாக்களின் மரபணுவை அது நெருக்கமாக ஒத்திருந்தது. இவற்றின் முன்னோர் எப்போதோ பாக்டீரியாவிடமிருந்து அதைப் பெற்றிருக்க வேண்டும் என்பதுதான் இன்று ஏற்கப்படும் விளக்கம்.

உள்ளே நுழைந்த புழு செல்களைக் கிழிப்பதில்லை. அவற்றின் இடுக்கு வழியாகவே நுனிவரை போய், அங்கே திரும்பி, நீரும் சர்க்கரையும் ஓடும் மையக் குழாய்ப் பகுதிக்கு ஏறுகிறது. அங்கே ஐந்தாறு செல்களைத் தேர்ந்தெடுத்து, ஊசி வழியாகத் தன் சுரப்பிகளில் ஊறும் புரதங்களைச் செலுத்துகிறது. அதன்பின் அந்த செல்களில் உட்கரு பிரியும், பிரியும், பிரிந்துகொண்டே இருக்கும். செல் மட்டும் இரண்டாகாது. ஒரே செல்லுக்குள் நூறுக்கு மேல் உட்கருக்கள் சேர்ந்து, செல் பழைய அளவைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு பெருத்துவிடும். ராட்சத செல் என்று இதற்குப் பெயர். சுற்றியுள்ள செல்களும் பெருகுவதால்தான் முடிச்சு வெளியே தெரிகிறது. செடி தயாரித்த சர்க்கரை அங்கே போய்ச் சேருகிறது. மேலே இலை வெளுக்கிறது.

செலுத்தப்படும் பொருள்களில் ஒன்று 16டி10, வெறும் 13 அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்கு. வேர் வளர்ச்சியை நடத்தும் செடியின் புரதங்களோடு அது ஒட்டிக்கொள்கிறது. புழுவின் உடலில் இந்த மரபணுவை மட்டும் அடக்கும்படி, ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடியான அரபிடாப்சிஸை மாற்றியமைத்தபோது, வேர்முடிச்சு நூற்புழுவின் முக்கியமான நான்கு இனங்களையும் அது எதிர்த்து நின்றது. 2006-ல் வெளிவந்த இந்த முடிவு எனக்கு இன்றும் வியப்புதான். அத்தனை சின்னத் துணுக்கு!

முடிச்சை ஊசிமுனையால் பிளந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், பேரிக்காய் வடிவில் பளபளவென்று வெள்ளைப் பெண்புழு தெரியும். ஒருமுறை ஊட்டத்தில் அமர்ந்துவிட்டால் அது வேறெங்கும் நகராது. நம் ஊரில் பரவலான இன்காக்னிட்டா இனத்துக்கு ஆணும் தேவையில்லை; தனியாகவே நூற்றுக்கணக்கில் முட்டையிடும்.

திருவாடானைப் பக்கத்து நெல் வயலுக்குப் போனாலும் கதை இதேதான், ஆள்தான் வேறு. பாக்டீரியா இலைக்கருகலை உண்டாக்கும் சாந்தோமோனாஸ், நுண்ணிய குழாய் வழியே ஒரு புரதத்தை நெல்லின் செல்லுக்குள் செலுத்துகிறது. அது உட்கருவரை போய், சர்க்கரையை வெளியேற்றும் ஸ்வீட் என்ற மரபணுவின் முன்பகுதியில் உட்கார்ந்து அதை முடுக்கிவிடுகிறது. கசியும் சர்க்கரை பாக்டீரியாவுக்கு. எக்ஸ்ஏ13 என்ற எதிர்ப்பு மரபணு உள்ள நெல்லில் அந்த முன்பகுதியின் டிஎன்ஏ எழுத்துகள் மாறியிருப்பதால் புரதத்துக்கு உட்கார இடமில்லை. மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியில் சேர்த்த மூன்று எதிர்ப்பு மரபணுக்களில் இதுவும் ஒன்று.

நூற்புழுவுக்கு எதிராகத் தக்காளியில் எம்ஐ-1 மரபணு உண்டு. அதன் புரதம் புழுவின் வருகையை உணர்ந்ததும், தாக்கப்பட்ட செல்கள் தாமாகவே செத்துப்போகும். புழு பட்டினி கிடக்கும். சரி, அதை இங்கே நட்டால் தீர்ந்ததா? மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும். ராமநாதபுரம் கடற்கரை மணலில் கோடையில் அதை நம்பிப் பயனில்லை. மிளகாய் இனத்தில் உள்ள எம்இ1, எம்இ3 மரபணுக்கள் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய்க்கு அவற்றைக் கலப்பினத்தின் மூலம் கொண்டுவரும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது என்பேன்.

அதுவரை புழு உள்ளே நுழையும் முன் தடுப்பதுதான் வழி. இளம்புழு வேருக்குள் போகும்வரை எதையும் தின்னாது, உடலில் உள்ள கொழுப்பில்தான் உயிர் வாழ்கிறது. கோடை உழவில் அது வெயில் பட்டுக் காய்ந்து சாகும். செண்டுமல்லி வேரில் உள்ள ‘ஆல்ஃபா டெர்தையனில்’ என்ற பொருள் அதற்கு நஞ்சு. அப்புறம், நாற்றுகளைக் கட்டி வெளியூருக்கு அனுப்பும் முன் நாலைந்தை எடுத்து வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்துவிடுங்கள். முடிச்சு இருந்தால், அந்த வேரோடும் மண்ணோடும் முட்டைகளும் புதுத் தோட்டத்துக்குப் போய்விடும்.